மாசாயில் ஒரு நன்றி விருந்தும், நான் செய்யாத பிரார்த்தனையும்

எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்றுதான் இந்தப் பயண வலைப்பூவில் வழக்கமாக எழுதுவேன். ஜொகூர் மாசாய்க்குப் போய்வந்த கதையை எழுதாமலே விட்டுவிட நினைத்தேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டும் மனம் உறுத்தியதால் எழுதுகிறேன்.

மேரியும் நானும் ஜொகூர் பாருவில் ஒரே அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை செய்தோம். பிறகு நான் கோலாலம்பூருக்கு மாறிவிட்டேன். போன வருடம் அவள் கணவர் சேவியர், பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதி நினைவிழந்தார். பதினொரு நாள் கண் திறக்கவில்லை. மேரி எங்கள் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் அவருக்காக வேண்டிக்குங்க. எந்தச் சாமியா இருந்தாலும் பரவால்ல."

"கண்டிப்பா மேரி, விளக்கேத்தி வேண்டிக்கிறேன்" என்று முதலில் பதில் போட்டது நான்தான்.

நான் வேண்டவில்லை. ஒரு நாள்கூட. அந்த வாரம் லங்காவிப் பயணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மறந்துபோனது. இரண்டாம் நாள் நினைவு வந்தபோது மணி எட்டரை. சரி, நாளைக்கு என்று விட்டேன். அதன் பிறகு நினைக்கவே இல்லை. சேவியர் கண் விழித்தார் என்று செய்தி வந்ததும், கைகூப்பும் படங்களை வரிசையாக அனுப்பினேன்.

அவர் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும், வேண்டிக்கொண்டவர்களுக்காகவே ஒரு விருந்து வைத்தார்கள். சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கோலாலம்பூரில் பேருந்து ஏறினேன். கட்டணம் 36 ரிங்கிட். பன்னிரண்டு பத்துக்கு ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையம். அங்கிருந்து மாசாய் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். செயலியில் கார் 24 ரிங்கிட். ஓட்டுநர் தமிழர்தான். என் சேலையைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா அக்கா?" என்றார்.

"இல்ல தம்பி, கூட்டாளி வீட்டு விருந்து" என்றேன்.

வரிசை வீடு. வாசல் நிறைய மோட்டார் சைக்கிள்கள். சாப்பாட்டுக்கு முன் சேவியர் எங்களை உட்காரவைத்து, "நீங்க எப்படி வேண்டிக்கிட்டீங்கன்னு கேக்க ஆசையா இருக்கு" என்றார். மேரி நேரில் போய்க் கேட்டுக்கொண்ட, பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், "சாயந்திரம் மஃரிப் தொழுகையில உங்களுக்குன்னு தனியா துஆ கேப்பேன். கடையில கூட்டம்னாலும் விட்டுட்டுப் போயிருவேன் லா" என்றார்.

அடுத்தது நான்.

"தினமும் விளக்கேத்தினேன்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. சேவியர் தடியை ஊன்றி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. அதன் பிறகு இலையில் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

மூன்று மணிக்கு மேரியே என்னைக் காரில் லார்க்கினுக்கு ஏற்றிச்சென்றாள். வழியில் மெல்லச் சொன்னாள். "ஒன்னு சொல்லட்டா கோமதி? அந்தப் பதினொரு நாளும் நான் ஜெபம் பண்ணவே இல்ல. வாயே வரல. அவர் மூஞ்சியப் பாத்தா ஆண்டவர் மேல கோபம்தான் வந்துச்சு. ஆனா ஏழு மணியானா, 'இப்ப கோமதி விளக்கேத்தியிருப்பா, காதர் பாய் தொழுதுக்கிட்டிருப்பாரு'ன்னு நினைச்சுக்குவேன். அதுலதான் அடுத்த நாள் வரைக்கும் தாக்குப்பிடிச்சேன்."

"மேரி, நான் ஏத்தல."

"என்னா?"

"ஒரு நாள்கூட ஏத்தல. வேண்டவும் இல்ல. எல்லார் முன்னாடியும் சொன்னது பொய்."

சிக்னல் பச்சையானது. அவள் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தாள். நிலைய வாசலில் நிறுத்தினாள். நான் இறங்கும்போது சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இத அவர்கிட்ட சொல்லிடாத. தினமும் ஜெபத்துல உன் பேரச் சொல்றாரு." அவள் என்னைப் பார்க்கவில்லை. "போ, பஸ்ஸ விட்டுடப் போற."

பிரார்த்தனைக்குச் சக்தி உண்டா என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, தன்னால் முடியாததை நான் செய்கிறேன் என்று நம்பி ஒவ்வொரு நாளையும் கடத்தியிருக்கிறாள். நான் செய்யவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

போகிறவர்களுக்கு: வெள்ளி மாலைப் பேருந்தைத் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் வீடு திரும்பும் நேரம், சாலை நகராது. சனி அதிகாலையே கிளம்புவது நல்லது. யாராவது வேண்டிக்கொள்ளச் சொன்னால், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

போன வாரம் மேரி குழுவில் எழுதினாள்: சேவியரின் காலில் இன்னொரு அறுவை சிகிச்சை. நிமிடத்தில் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினேன். என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியவில்லை. அவர் பெயரை மட்டும் சொன்னேன், பலமுறை. பிறகுதான் மேரிக்குத் தனியாக எழுதினேன்: "இப்பதான் வேண்டிக்கிட்டேன்."

பார்த்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. நாளையும் வேண்டிக்கொள்வேன்.