எத்தனை பேர் இருப்போம்

மலாக்கா மாநிலத்தில் ஆண்களை விரும்பும் ஆண்கள் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கெடுக்க, போன வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளமில்லாத வேலை. கோலாலம்பூரிலிருந்து வந்த சிறிய சுகாதாரக் குழு ஒன்றுக்கு ஜாசின் பக்கம் தமிழ் பேசிப் பழகும் ஆள் தேவைப்பட்டது. நான் ஜாசினை ஒட்டிய பெம்பானில் வளர்ந்தவன். இப்போது மலாக்கா டவுனில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் இருக்கிறேன். நானும் அந்த ஆண்களில் ஒருவன்.

குழுவை நடத்திய டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் சிறியவர். முதல் கூட்டத்திலேயே நான் கேட்டேன், இதை எண்ணி என்ன ஆகப் போகிறது என்று.

"எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க ஒரு வேன் போகுதில்லையா, அது எந்த ஊருக்குப் போகணும்னு ஆள் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. ஜாசின் பக்கம் அப்படி ஆளே இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்லாத ஆளுக்கு யார் வேன் அனுப்புவா?" என்றார்.

எண்ணும் முறை எனக்குப் பிடித்திருந்தது. பச்சை நிறத்தில், கடையில் எங்கும் கிடைக்காத மாதிரி செய்த ஒரு சாவி வளையம். முதலில் நாங்கள் தெரிந்தவர்கள் வழியாகப் போய், இப்படிப்பட்ட ஆண்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது, போன் நம்பர் கேட்கக் கூடாது. சில வாரங்கள் கழித்து, எங்களுக்குத் தெரியாத வேறு ஆட்கள் வேறு வழியில் வேறு சிலரைச் சந்தித்து, "இந்த வளையம் உங்களுக்குக் கிடைத்ததா?" என்று கேட்பார்கள். பத்தில் இரண்டு பேர் ஆமாம் என்றால், நாங்கள் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு பேருக்குத்தான். அதை வைத்து மொத்தத்தைச் சொல்லிவிடலாம்.

வளையங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் கொட்டியபோது, என்னோடு வாழ்கிறவர் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "கோயில் திருவிழாவுல குடுக்குற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நாங்கள் ஒன்பது வருஷமாகச் சேர்ந்திருக்கிறோம். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் நாங்கள் வீட்டு வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாளிகள், அவ்வளவுதான்.

டவுனில் வேலை சுலபமாக நடந்தது. ஜாசின் பக்கம்தான் சிரமம். ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டார். இன்னொருவர் காருக்குள்ளிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவரைச் சந்திக்க நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்தார். நான் போய் உட்கார்ந்த பிறகுதான் எதிரில் இருப்பவர் யாரென்று தெரிந்தது. அம்மா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன காலத்தில் கம்பெனி பஸ் ஓட்டிய அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று அவர்தான் முதலில் பேசினார்.

"நல்லா இருக்காங்கண்ணே."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் வளையத்தைத் தொடவில்லை.

"எதுக்குலா எண்ணுறீங்க? இன்னைக்கு எத்தன பேருன்னு கேப்பாங்க. நாளைக்கு எங்க இருக்கான்னு தேடி வருவாங்க."

அவர் பயம் நியாயமானது. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் ஒளிந்து வாழக் காரணம் இருக்கிறது. பெயரை எங்கும் எழுதுவதில்லை என்றேன். வேன் விஷயத்தையும் சொன்னேன், ஜாசினுக்கு அது வராததன் காரணத்தையும் சொன்னேன். அவர் டீயைக் கலக்கியபடியே இருந்தார்.

"எனக்கு ஒரு ஆளு இருந்தாரு" என்றார் திடீரென்று. "செர்காம்ல மோட்டார் கடை வச்சிருந்தாரு. எனக்கு லீவு கிடைக்குற நாள்லாம் அங்கதான். ரொம்ப வருஷம். அப்புறம் அவருக்கு இருமல் வந்துச்சு, ஆளு எளைச்சுக்கிட்டே போனாரு. டெஸ்ட் எடுக்கலாம் வாங்கன்னு கூப்பிட்டேன். இங்க கிளினிக்ல எல்லாரும் தெரிஞ்சவங்க, எப்படிப் போறதுன்னாரு. மலாக்கா டவுனுக்குப் போலாம்னேன். அங்கயும் யாராச்சும் பாத்துருவாங்கன்னாரு. கடைசியில தூக்கிக்கிட்டுத்தான் போனோம்."

டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சாவு வீட்டுல நான் கூடாரத்துக்குக் கீழ நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுக்காரரு உதவிக்கு வந்திருக்காருன்னு அவங்க அக்கா எனக்குத் தேத்தண்ணி குடுத்தாங்க."

பிறகு கையை நீட்டி வளையத்தை எடுத்துக்கொண்டார். விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவருக்கும் ஒன்னு குடுப்பியா?"

"அண்ணே, இது இப்ப உயிரோட இருக்குறவங்க கணக்கு."

"தெரியும்லா. சும்மாதான் கேட்டேன்."

அவர் சும்மா கேட்கவில்லை. நான் பையைத் திறந்து இன்னொன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். சட்டைப் பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு, கையால் ஒரு தரம் பையை அழுத்திப் பார்த்தார்.

காரில் ஏறியதும் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஒரே ஆளிடம் இரண்டு போனால் கணக்கு தவறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"குடுத்த எண்ணிக்கையில ஒன்னக் கழிச்சிடுறேன். கணக்கு கெடாது. நீங்க குடுத்தது சரிதான்" என்றார்.

அடுத்த வாரம் அந்த அண்ணனே என்னைக் கூப்பிட்டார். டெஸ்ட் எடுக்கத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருவாயா என்றார். சனிக்கிழமை மலாக்கா டவுனுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதார். தனக்கு ஒன்றுமில்லை என்பதற்காக அழவில்லை. "இவ்வளவுதானா? விரல்ல ஒரு குத்து. இதுக்கா பயந்தாரு?" என்றார் திரும்பத் திரும்ப.

சில மாதங்களில் முடிவு வந்தது. எங்களில் யாரும் நினைத்ததைவிட அதிகம். ஆனால் ஒரே எண்ணாக வரவில்லை, இதிலிருந்து இதுவரை என்றுதான் வந்தது. இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது என்று குழுவில் ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

"பயப்படுற ஊர்ல நம்பர் இப்படித்தான் வரும். அடுத்த தரம் இன்னும் கூடும். ஆளு கூடிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, சொல்றவங்க கூடிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் டாக்டர்.

இப்போது வேன் ஜாசினுக்கும் போகிறது.

முடிவு வந்த வாரம் பெம்பானுக்குப் போனபோது அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அவரிடம் பல வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்று அழுதார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. சனி, ஞாயிறுகளில் எங்கே அலைகிறேன் என்று கேட்டபோது மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"எண்ணி முடிச்சாச்சா?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"முடிஞ்சிடுச்சும்மா."

"எத்தன பேரு?"

சொன்னேன்.

"மலாக்காவுல மட்டுமா?"

"ஆமாம்மா."

கை நின்றது. "அப்ப அத்தன அம்மாங்க இருப்பாங்கல்ல?"

அம்மா கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் வைத்தார்.

"நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கோயில்ல எல்லாரும் மருமகளப் பத்திப் பேசுவாங்க. நான் செருப்பப் போட்டுக்கிட்டு வந்துருவேன். ஒரு ரெண்டு பேரத் தெரிஞ்சாக்கூடப் போதும். உக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன்."

இத்தனை நாள் ஊர் ஊராக அலைந்து எண்ணியும், அம்மாக்களைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் சிலரைக் கேட்டுப் பார்த்தார். மூன்று அம்மாக்கள் வருவதாகச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். அம்மா கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். டவுனில் குழுவின் சின்ன அறையில் அவர்களை விட்டுவிட்டு நானும் என்னவரும் கீழே காரில் காத்திருந்தோம்.

வெகுநேரம் கழித்து அம்மா இறங்கி வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"முதல்ல பிரஷர் மாத்திரையப் பத்தித்தான் பேசினோம். அப்புறம் அந்த ஆலோர் காஜாவுலேர்ந்து வந்த அம்மா அழுதுட்டாங்க. நான் கையப் பிடிச்சுக்கிட்டேன்."

வழியில் சிக்னலில் நின்றபோது, பின் சீட்டிலிருந்து எட்டி, வண்டி ஓட்டிய என்னவரின் தோளை விரலால் தட்டினார். இத்தனை வருஷத்தில் அம்மா அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஏசியக் கொஞ்சம் கொறச்சு வைங்க. குளுருது."

அவர் உடனே குறைத்தார். விளக்கு மாறி பச்சை வந்தும் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது.