உட்கார்ந்து தேய்க்கிறவளுக்கு ஒரு மேஜை

எங்கள் நாற்காலிகளைத் தடவிப் பார்க்கிறவர்கள் அந்த வழவழப்பை என் வீட்டுக்காரரின் கைவண்ணம் என்றே சொல்வார்கள். அவரும் மறுக்க மாட்டார். அறுப்பதும் இழைப்பதும் பொருத்துவதும் அவர். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நான். சங்கரன்கோவிலில் ரதவீதிக்குப் பின்னால் இருந்தது எங்கள் பட்டறை. காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன் என்றால், நாற்காலிக் காலை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை தேய்ப்பேன். அந்த வேலையில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஈட்டி மரத்தின் தூள் மாவைவிட நைசானது. இரண்டு வருஷத்தில் அது என் நெஞ்சுக்குள் குடிபுகுந்துவிட்டது. கிணற்றில் நாலு வாளி இறைத்தாலே மூச்சு இளைத்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, தூசியை விட்டு விலகாவிட்டால் மூச்சு தேறாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வீடு வந்ததும் அவர், "இனிமே பட்டறப் பக்கம் வராதட்டி. தேய்க்கதுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்," என்றார். அக்கறையில்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் முடங்கி நான் என்ன செய்வேன்? மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் அவரே ஒரு செய்தியோடு வந்தார். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அவர்கள் காலிசெய்த பட்டறை ஒன்றின் சாமான்கள் மதுரையில் பழைய மிஷின் விற்கும் கடைக்கு வந்திருக்கின்றனவாம். அதில் தூசியை உறிஞ்சும் மேஜையும் உண்டாம். மேலே சல்லடை மாதிரித் துளைகள், அடியில் மின்விசிறி; தேய்க்கிற தூள் மூக்குக்கு வராமல் கீழே போய்ச் சாக்கில் விழும். நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று பஸ் ஏறினேன்.

கடையில் அப்படி இரண்டு மேஜைகள் இருந்தன. ஒன்று கதவையே கிடத்தலாம் போலப் பெரியது. மற்றது அதில் பாதிகூட இல்லை. அவருக்குப் பெரியதன் மேல்தான் கண். கடைக்காரர் இரண்டிலும் மரத்தூளைத் தூவி விசிறியைப் போட்டுக் காட்டினார். பெரியதில் நடுவில் கிடந்தது இறங்கியது, ஓரத்தில் கிடந்தது அசையவில்லை. சின்னது எல்லாவற்றையும் விழுங்கியது. விசிறி இரண்டுக்கும் ஒரே அளவு. துளை கூடினால் இழுப்பு குறையும் என்பது ஊதுகுழலால் அடுப்பு ஊதுகிற எனக்குத் தெரியாதா? நாம் தேய்ப்பது கதவா, நாற்காலிக் கால்தானே என்று கேட்டேன். கடைக்காரர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். சின்னதோடு ஊர் வந்து சேரும்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவ்வளவு சாமர்த்தியம் பேசியவளுக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை. அது நின்று வேலை செய்கிறவர்களுக்கான மேஜை. அவருக்கும் அது தோன்றவில்லை. பட்டறையில் இறக்கி வைத்து முன்னால் நின்றேன். மரத்தைப் பிடிக்கப் பாதங்களுக்கு வழியில்லை. கையால் பிடித்தால் நாற்காலிக் கால் உருண்டு ஓடியது. பார்த்தேன், மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் விசிறியைப் போட்டார். பாதித் துளைகளை நானே அடைத்திருந்தேன். மீதித் துளைகள் என் சேலையைப் பிடித்து இழுத்து அடைத்துக்கொண்டன. தூள் முழுக்க முகத்துக்கு வந்தது. சிரிக்கத் தொடங்கியவர், நான் இருமிய இருமலில் பாதியில் நிறுத்திவிட்டார். இது நமக்கு ஒத்துவராது, சொன்னால் கேள், வீட்டில் இரு என்றார்.

"மேசை தரைக்கு மேலதான் நிக்கணுமா? குழி தோண்டி இறக்குங்க," என்றேன்.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே கடப்பாரையை எடுத்தார். அவர் இன்று இல்லை. குழிக்குள் இறங்கி வேர்க்க விறுவிறுக்க மண் அள்ளிப் போட்ட அந்த முதுகு மட்டும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேஜையின் மேல்பக்கம் தரையோடு தரையாக வந்தது. சாக்கை மாற்ற ஒரு பக்கம் பள்ளம் விட்டிருந்தார். நான் ஓரத்தில் பழையபடி உட்கார்ந்து, பாதங்களை மட்டும் துளைகளின் மேல் நீட்டி மரத்தை இறுக்கிப் பிடித்தேன். தூள் என் கணுக்காலைத் தாண்டி மேலே வரவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் முகம் மலர்ந்து, வேலையை நிறுத்தியாயிற்றா என்று அவரிடம் கேட்டார். டாக்டர் முன்னால் எப்போதும் கைகட்டி நிற்கும் என் வீட்டுக்காரர், நிறுத்தியாயிற்று என்று சொல்லிவிட்டார். அதுதான் சரி, பெண்கள் வீட்டோடு இருப்பதே நல்லது என்றார் டாக்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார். இன்னைக்குக் காலையிலகூட ரெண்டு நாக்காலி தேய்ச்சிட்டுத்தான் வாரேன்," என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். ரேகைகளில் ஈட்டியின் கறை அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். டாக்டர் குழாயை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சுத்தமா இருக்கு. நீங்க வேலையப் பாருங்கம்மா."

வராந்தாவுக்கு வந்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். என்ன ஏதென்று கேட்கத் தெரியாமல் அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.