பழத்தட்டும் ஒரு துணைக்குறுமீனும்

மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், மூன்று வருஷமாக நான் "நட்சத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்டவர் கையில் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவந்தேன். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு இது ஒரு வசதி. ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றானபோதுதான், வீட்டில் இந்த வித்தை செல்லாது என்று உறைத்தது.

பையனும் மகளும் ஃபோனில் பேசிப் பிடித்துப்போனவர்கள். மிச்சம் ஒன்றே ஒன்றுதான். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேண்டும், அதற்குப் பிறகுதான் கல்யாணம். இதைப் பையனின் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். அது அவர்கள் செய்த தவறு.

"அப்பா, இதைப் பேசி முடிக்கிற வரைக்கும் அவங்க கொண்டுவர்ற பழத்தட்டைத் தொட்டுராதீங்க" என்றாள் மகள். எங்கள் வழக்கத்தில், அந்தத் தட்டிலிருந்து பெண் வீட்டார் ஒரு பழத்தை எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நிபந்தனை பேசினால் மரியாதையாக இருக்காது.

"நான் என்ன குரங்கா, பழத்தைக் கண்டதும் பாய?"

"அப்படி யாரும் சொல்லலையே" என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை மகளிடம் எனக்கு டியூஷன் நடந்தது. அவள் ஆராய்கிற நட்சத்திரத்துக்குத் துணைக்குறுமீன் என்று பேர், இங்கிலீஷில் சப்-டுவார்ஃப். துணைக்குறுமீன்களில் இரண்டு வகையாம். நிறத்தையும் வெளிச்சத்தையும் வைத்துப் போடுகிற படத்தில், சாதாரண நட்சத்திரங்கள் நிற்கிற வரிசைக்குக் கீழே மங்கலாக நிற்பதால் இரண்டுக்கும் ஒரே பேர், மற்றபடி உறவு கிடையாது. எங்கள் தெருவிலும் ஒரே பேரில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பல், ஒருவர் மாடு.

முதல் வகை குளிர்ந்தது, மிகப் பழையது. பிரபஞ்சத்தில் உலோகம் அதிகம் சேருவதற்கு முன்பே பிறந்தது. ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாமே இந்த நட்சத்திர ஆராய்ச்சிக்காரர்களுக்கு உலோகம்தானாம், ஆக்ஸிஜன் உட்பட.

"ஆக்ஸிஜன் உலோகம்னா, நான் இத்தனை வருஷமா கடையில என்னத்த விக்குதேன்?"

"அப்பா, அடுத்ததுக்கு வாங்க."

அடுத்தது சூடான வகை. அவளுடைய ஆராய்ச்சி அதில்தான். சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் வயதாகி ஊதும்போது, நெருங்கிச் சுற்றுகிற துணை நட்சத்திரம் அதன் மேலுள்ள ஹைட்ரஜனை உருவிவிடும். மிஞ்சுவது ஹீலியம் எரிகிற சின்னக் கரு. இதை ஒரு குக்கர் அட்டைப்பெட்டியில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

ஞாயிறு காலை வந்தார்கள். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், ஆப்பிள், மேலே கமலா ஆரஞ்சு. என்னை அதற்கு நேர் எதிரே உட்கார வைத்திருந்தார்கள்.

பையனின் அப்பா உரக்கடைக்காரர். எதையும் விவரமாகக் கேட்கிறவர். "உங்க மக என்னமோ நட்சத்திரம் படிக்கான்னு பையன் சொன்னான். வெளங்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ரெண்டு நட்சத்திரம் ஜோடியா சுத்தும். ஒண்ணுக்கு வயசாகும். உடனே கூட இருக்கது, அது மேல உள்ளதை எல்லாம் உருவிரும்."

காபித் தட்டோடு வந்த மனைவி வாசற்படியில் நின்றுவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜோடியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுவல்ல என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை. "ஜோடி சேருததுனாலதான் பெரும்பாலும் இந்தக் கதி" என்றேன்.

உரக்கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். நிலைமையைச் சமாளிக்க, "இப்போ ஒரு பழத்தை எடுத்துக்கிட்டா" என்று ஆரம்பித்தேன். எடுத்தேன். முழுசாக உரித்தேன். இடது கையில் தோல், வலது கையில் சுளை. "இந்தா, இதுதான் துணைக்குறுமீன்."

துணைக்குறுமீனை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டில் ஆரஞ்சு இருந்த பள்ளத்தைப் பார்த்தார்கள்.

தோலை மறுபடி சுற்றி வைத்தால் தெரியுமா என்று யோசித்தேன். சுற்றியும் பார்த்தேன். தெரிந்தது.

பையனின் அம்மா கேட்டார். "அப்போ சம்மதம்னு எடுத்துக்கிடலாமா?"

"இல்ல. ஆமா. ரெண்டு வருஷம்" என்றேன், ஒரே மூச்சில்.

"என்ன ரெண்டு வருஷம்?"

மகள் உள்ளே இருந்து வந்துவிட்டாள். "ஆராய்ச்சி முடிக்க எனக்கு ரெண்டு வருஷம் வேணும் அத்தை. அதுக்கப்புறம் கல்யாணம். பழத்தைத் தொடுமுன்ன சொல்லணும்னு இருந்தோம்."

அந்த அம்மா என் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை அசைக்காமல் பிடித்திருந்தேன்.

"உருவின பொறவு அது அணைஞ்சிருமா?"

"அணையாது. உள்ள இருக்க ஹீலியம் எரியும். சூரியனை விடச் சூடா, நீலமா" என்றாள் மகள்.

"எவ்வளவு காலம்?"

"ஒரு பத்துக் கோடி வருஷம் போல."

"உரிச்சுப் போட்டது பத்துக் கோடி வருஷம் நிக்குதுங்க. எம் பையன் ரெண்டு வருஷம் நிக்க மாட்டானா?" என்று கணவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "அதை இங்கன கொண்டாங்க அண்ணாச்சி. பிசைஞ்சிராதீங்க."

பழத்தை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை மகளிடம் கொடுத்தார். உரக்கடைக்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. "உருவின தோலு எங்கன போகும்மா?"

"சில சமயம் துணை வாங்கிக்கிடும், மாமா. சில சமயம் வெளிய சிதறிரும்."

சாயங்காலம் என் சட்டையைத் துவைக்கப் போட எடுத்த மனைவி, பையில் கைவிட்டு, ஆரஞ்சுத் தோலை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள்.

"சிதறலை" என்றாள்.