உள்ளங்கையில் இரண்டாவது மாத்திரை

எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் காலைச் சங்கு ஊதும்போது என் மகள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து இதுதான் வழக்கம். புதிய சிறுநீரகத்தை அந்நியமென்று உடல் தாக்கிவிடாதபடி, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இரண்டு. இரவில் கைபேசி மணி அடித்ததும் மறுபடி இரண்டு. சிறுநீரகம் கொடுத்தவள் என் மனைவி. மாத்திரை கொடுப்பதும் அவள்தான். எதையும் நேரத்துக்குச் செய்பவன் என்று பெயர் எடுத்த என்னிடம்கூட அந்த வேலையை அவள் விட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில், வழக்கமான பரிசோதனையில் மகளின் இரத்தத்தில் ஒரு வைரஸ் தெரிந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அன்று காலைகூட இட்லி போதவில்லை என்று சண்டை போட்டிருந்தாள். மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பெரும்பாலான பெரியவர்களின் சிறுநீரகத்தில் இது சும்மா தூங்கிக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் விழித்துக்கொள்ளும். விட்டுவைத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைக் கொல்ல நம்பகமான மருந்து கிடையாது. அடக்கும் மாத்திரையைக் குறைத்து, உடம்பையே எதிர்க்க விடுவதுதான் வழி. இனி வேளைக்கு ஒன்று.

"கொறைச்சா உடம்பு கிட்னியத் தள்ளிடாதா டாக்டர்?" என்றாள் மனைவி.

"அதுக்குத்தான் அடிக்கடி ரத்தம் பார்க்கப் போறோம்."

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீங்க குடுத்த கிட்னியோடவே வந்திருக்கலாம். அது யாரோட தப்பும் இல்லம்மா."

முதல் பாதியை மட்டும்தான் அவள் கேட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மின்ரயில் கூட்டம் மகளுக்கு ஆகாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக வர எப்போதும் ஒரே ஆட்டோதான். ஓட்டுநர் பக்கத்து ஊரான கோவில்பதாகைக்காரர். அன்று வீடு திரும்ப ஏறியதும் கேட்டார்.

"இன்னா சார், பாப்பாக்கு ஜுரமா?"

"ஜுரம் இல்லப்பா. ஒரு வைரஸ்."

அவர் கழுத்துத் துண்டை மூக்குக்கு ஏற்றினார். "முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? ஊட்ல எனக்கும் புள்ளைங்க கீது."

"உங்களுக்கே இருக்கும். பெரியவங்க நிறைய பேருக்கு கிட்னில இது தூங்கிட்டிருக்குமாம்."

"எனக்கா? நான் இன்னா சார் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. யாருமே ஒண்ணும் பண்ணல." மனைவிக்கும் சேர்த்தே சொன்னேன்.

அவர் துண்டை இறக்கிக்கொண்டார். அதன்பின் வந்த பள்ளங்களிலெல்லாம் வண்டியை மெதுவாக இறக்கினார். "உள்ள தூங்கறது எழுந்துக்கப் போவுது சார்."

மகள் சிரித்தாள். "ஏம்மா, கிட்னிக்கு ஒரு வைரஸ் ஃப்ரீயா குடுத்துட்டியா?"

மனைவி அவள் தொடையில் ஒன்று வைத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் சங்கு ஊதியது. மனைவியின் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன.

"ஒண்ணுதான்" என்றேன்.

"தெரியும்." ஒன்றைக் கொடுத்தாள். மற்றதை மூடிய கையிலேயே வைத்துக்கொண்டு, மகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு டப்பாவில் போட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான்; அதற்கடுத்த நாளும்.

ஏன் இரண்டு எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கையைத் திறக்காமலே சொன்னாள்: "தள்ளிடுச்சுன்னா, குடுக்கறதுக்கு எங்கிட்ட இன்னொண்ணு இல்லீங்க."

"அந்த நெலம வராது. கிட்னிக்கு ஏதாவது ஆனா ரத்தத்துல முதல்லயே தெரிஞ்சிடும். மாத்திரைய மறுபடி ஏத்திடுவாங்க" என்றேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு அறிக்கையையும் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். வைரஸ் இறங்கிக்கொண்டிருந்தது, மெதுவாக, ஆனால் திரும்ப ஏறாமல். சிறுநீரகத்தின் அளவுகள் அசையவில்லை.

பொங்கல் கழிந்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. கண்காணிப்பு தொடரும், மாத்திரை இதே அளவில் இருக்கட்டும் என்றார் மருத்துவர்.

அடுத்த காலை சங்கு ஊதியதும் மகள் வாயைத் திறந்தாள். மனைவி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை மட்டும் பிதுக்கினாள்.

மகள் விழுங்கிவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தாள். "இன்னொண்ணு எங்க?"

"எதுக்கு அது? கையில வெச்சிக்கிட்டே இருந்தா இட்லிய யாரு எடுக்கறது?" என்றபடி அவள் அடுப்படிக்குப் போனாள்.