ரேடியேட்டருக்குள் கோயில் மஞ்சள்

“ஹோஸ் மாத்தப் போறீங்களோ? முதல்ல அந்த நகத்தை வெட்டிப்போட்டு வாங்கோ, தங்கச்சி.”

சொன்னவர் திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் பாஸ். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் காரைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற அப்பா சிரித்தார். பாஸின் கதையை விட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அரியண்டமாக இருந்தது.

கார் என்னுடையது. என்னை விட வயதில் மூத்த ஜப்பான் கார். இரண்டு கதவு, நிலத்தோடு ஒட்டிய இருக்கை, சுவிச்சைப் போட்டால் மேலே எழும்புகிற முன் விளக்கு. துறைமுகத்தடியில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கொம்பனியின் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தச் சம்பளத்தில் எனக்கென்று வாங்கிய முதல் பெரிய சாமான் இது. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அம்மா கருவாடு காயப்போட்டவர். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை வெளியிலிருந்து பார்த்தவர்கள். அவர்களுடைய வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போய்ப் பட்டம் எடுத்தவள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. காரைப் பார்த்து, “பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி காணாதோ?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு அம்மாவையும் அப்பாவையும் அந்தக் காரில் கூட்டிப்போனேன். அப்பா பின் இருக்கையில் முழங்கால் நாடியில் இடிக்க மடிந்து கிடந்தார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, நிழலே இல்லாத வயல் வெளியில், போனெட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. திறந்தபோது மேல் ஹோஸ் விட்டுப்போய், சுடுதண்ணீர் அம்மாவின் பட்டுச் சீலையில் ஊத்தைச் சிவப்பாகத் தெறித்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் ட்ராக்டர் பெட்டியிலிருந்து எட்டிப்பார்த்து, “என்ன, இன்ஜினியர் அம்மா, சோறு பொங்குதோ?” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

அப்பா பாஸுக்குப் போன் எடுத்தார். சூடு ஆறட்டும், ஹோஸை வயர் போட்டுக் கட்டுங்கள், தண்ணியை ஊற்றி மஞ்சள் தூள் இருந்தால் அள்ளிப் போடுங்கள், மஞ்சள் ஓட்டையை அடைக்கும் என்று பாஸ் சொன்னார். மஞ்சள் தூள் இருந்தது. அபிஷேகத்துக்குக் கொடுத்ததில் மிச்சத்தை ஐயர் திருப்பித் தந்திருந்தார். அம்மா அதை அர்ச்சனைத் தட்டோடு மடியில் வைத்திருந்தா. நான் வேண்டாம் என்று கத்தக் கத்த அப்பா அந்தப் பொட்டலம் முழுவதையும் ரேடியேட்டருக்குள் கொட்டி, பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றினார். நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம்.

“முருகன்தான் கொண்டுவந்து விட்டவர்” என்றா அம்மா.

“முருகன் ஒருக்காத்தான் செய்வார்” என்றார் அப்பா. அன்று பின்னேரமே குறிஞ்சாக்கேணியில் பழைய வாகனங்களை உடைத்து விற்கிற முஸ்லிம் நானாவோடு கதைத்து, வெள்ளிக்கிழமை லொறியோடு வந்து காரை ஏற்றிப்போகச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. என் காரை.

நான் சாப்பிடாமல் இருந்து அழுகிற ஆள் இல்லை. அப்பாவோடு ஒரு பேச்சுப் பேசினேன். நானே ஹோஸ் எல்லாம் மாற்றுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் வெருகலுக்குப் போய் வருவோம், நீங்களும் கூட வாருங்கள். சூடு காட்டுகிற முள்ளு மேலே போனால் சாவியை என் கையாலேயே நானாவுக்குக் கொடுப்பேன். போகாவிட்டால் கார் இங்கேதான் நிற்கும். முள்ளு கட்டாயம் போகும் என்ற நம்பிக்கையில் அப்பா ஓம் என்றார். அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தத்தான் என்னை பாஸிடம் கூட்டிப்போனார். நகக் கதை அங்கே வந்தது.

நகத்தை நான் வெட்டவில்லை.

ஹோஸ்களும் தெர்மோஸ்டாட்டும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. லீவு எடுத்துக்கொண்டு, கொம்பனியிலிருந்து இரவல் வாங்கிய இரும்புத் தாங்கிகளில் காரின் முன்பக்கத்தை ஏற்றி வைத்தேன். எஞ்சின் பச்சைத் தண்ணியாக ஆறியிருந்தது. அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்து, வாளியை வைத்து, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தபோது முதல் அருவருப்பு வந்தது. அது கார் ஹோஸே இல்லை. கிணற்று மோட்டருக்குப் போடுகிற பச்சை நிறக் குழாய். கார் ஹோஸ் எஞ்சினுக்கு ஏற்ற வளைவோடு அச்சில் வார்த்து வரும். இந்த நேர்க் குழாயை மடக்கி, மடங்கிய இடத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, மேலே கட்டுக் கம்பியால் வரிந்திருந்தார்கள். எஞ்சின் சூடேறியதும் குழாய் இளகும், பம்ப் தண்ணீரை இழுக்கும்போது தட்டையாகிவிடும், தண்ணீர் ஓடாது, கார் கொதிக்கும். வெருகல் றோட்டில் நடந்தது அதுதான். போன மாசி மாதம் “ஒரிஜினல் சாமான் போட்டிருக்கு, தங்கச்சி” என்று சொல்லி அந்த ஹோஸைப் போட்டவர் அதே பாஸ்.

கம்பியை வெட்டினேன். குழாய் அசையவில்லை. முறுக்கிப் பிடுங்கினால் ரேடியேட்டரின் கழுத்து உடைந்துவிடும் என்பதால் பிளேட்டால் நீளத்துக்குக் கீறினேன். கீறல் பாதி வரமுன்னமே அது வந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்ல ஏலாது. பழுப்பும் மஞ்சளுமாக, கட்டி கட்டியாக, புளித்த கறி போல, என் மணிக்கட்டில் விழுந்து கைக்குள்ளால் ஓடிக் கக்கத்தில் தேங்கியது. துருவும் அவிந்த மஞ்சளும் கூழ்முட்டையும் சேர்ந்த நாற்றம். ஒரு சொட்டு உதட்டில் பட்டது. உப்பு, பிறகு இரும்பு, பிறகு கோயில். ஓங்காளித்துக்கொண்டு வெளியே உருண்டு வந்து செவ்வரத்தை மரத்தடியில் குந்தினேன். கருவாட்டு வாடையில் வளர்ந்தவள் நான். கொம்பனியில் கரன்ட் போய்க் கெட்ட மீனையும் அள்ளியிருக்கிறேன். இதற்கு ஈடில்லை. மீன் தானாக அழுகும். இது ஆட்கள் கூடி, யோசித்து, அழுகச் செய்தது.

மேல் ஹோஸின் உள் பக்கம் சிரங்கு பிடித்த தோலாக உரிந்தது. விரலை விட்டு வழித்தால் மஞ்சள் களி வந்தது. நகத்துக்குள் ஏறிய அந்த நிறம் தேசிக்காய்க்கும் போகவில்லை, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. லீவு முடிந்து போனபோது கொம்பனியில் ஒருத்தி, “என்ன, கலியாணமோ?” என்று கேட்டாள்.

வாளி நிறைந்திருந்தபோது அம்மா வெளியே வந்தா.

“அதை எங்க ஊத்தப்போறாய்?”

“ஒரு பிளாஸ்டிக் கானில அடைச்சு வைக்கப்போறன். முந்தி ஊத்தின கூலன்டும் இதில கிடக்கு. நாய் நக்கினாச் செத்துப்போகும்.”

“சாமிக்கு வச்ச மஞ்சள், பிள்ளை, அது. கால் படுற இடத்தில வைக்காத. கொண்டுபோய் செவ்வரத்தைக்கு ஊத்து.”

“மரம் பட்டுப்போகும், அம்மா.”

“முருகன்ட மஞ்சளுக்கு மரம் பட்டதெண்டு எந்தப் புத்தகத்தில கிடக்கு?”

“எதை ஊத்தினா மரம் படும் எண்டு புத்தகத்தில கிடக்கு.”

அம்மா வாளிக்குள் எட்டிப்பார்த்தா. நாற்றம் அவவின் முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன். சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டா. ஆனாலும், கன்னத்தில் போட்டுக்கொள்ள மறக்கவில்லை. அந்த ஊத்தைக்கு ஒரு கும்பிடு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடைசியில் மூடி இறுக்கிய கானை வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள், கால் படாத ஒரு தட்டின் மேல் வைப்பதென்று இரண்டு பேரும் இறங்கி வந்தோம்.

பின்னேரம் பாஸ் வந்தார், அப்பாதான் கூப்பிட்டிருந்தார். தெர்மோஸ்டாட் இருக்கிற மூடியை நான் அப்போதுதான் கழற்றியிருந்தேன். எஞ்சினுக்குள் தண்ணீரை எப்போது விடுவது, எப்போது மறிப்பது என்று பார்க்கிற சின்ன வால்வு அது. உள்ளே வெறும் குழி இருந்தது.

“இதுக்குள்ள இருந்தது எங்க, பாஸ்?”

“அதையோ? கழட்டி எறிஞ்சாச்சு. அது குளிர் நாட்டுக்காரருக்கு. இந்த வெயிலுக்கு எதுக்கு?”

“அப்ப யப்பானில வெயில் இல்லையோ?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எத்தனை வண்டிக்குக் கழட்டியிருக்கிறன். ஒருத்தரும் வந்து கேக்கேல்ல.”

“அவையின்ட வண்டிகளும் கொதிக்குதா?”

“கொதிச்சா என்னட்டத்தானே வருவினம்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லாத சிரிப்பு. அதுதான் என்னால் தாங்க ஏலாமல் போனது. ஏமாற்றுகிறவன் கண்ணைத் திருப்பினாலாவது மனம் ஆறும். இவர் போகும்போது வெற்றிலைச் சாற்றை நான் கழுவி வைத்த ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் துப்பிவிட்டுப் போனார். அப்பா அவரை வாசல் படலை வரை கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் பைப் தண்ணீர்க் குழாயைப் பூட்டி, எஞ்சினுக்குள் முன்னாலும் பின்னாலும் தண்ணீர் விட்டேன். மஞ்சள் வந்தது, துரு வந்தது, செத்த கரப்பான் ஒன்று வந்தது. எப்படி உள்ளே போனது என்று யோசிக்க விரும்பவில்லை. கண்ணாடி போலத் தண்ணீர் வரும்வரை விட்டேன். புது தெர்மோஸ்டாட்டை அதன் குழியில் வைத்து மூடி, கழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து, புது ஹோஸ்களைச் செருகி, கிளிப்புகளை இறுக்கினேன். வளைவுகள் தங்கள் தங்கள் இடத்தில் போய்த் தாமாகப் படுத்தன. அந்த முழு வேலையிலும் எனக்கு அருவருக்காத இடம் அது ஒன்றுதான். பிறகு கூலன்டை பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கலந்து ஊற்றினேன். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரை ஒரு சொட்டும் கிட்ட விடவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியேற, ஹீட்டரை முழுக்கத் திறந்து எஞ்சினை ஓட விட்டேன். திருகோணமலை வெயிலில் ஹீட்டர் போட்ட காருக்குள் வேர்த்துக் குளித்துக்கொண்டு இருந்த என்னை ஒழுங்கையால் போன எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

வியாழக்கிழமை அப்பாவும் நானும் புறப்பட்டோம். அம்மா வரமாட்டேன் என்றா; இரண்டாவது சீலை அவவிடம் இல்லையாம். கிண்ணியாப் பாலம், மூதூர், பிறகு அந்த வயல் வெளி. அப்பா றோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தில் இருந்தது பயமில்லை, ஒரு காத்திருப்பு. மகளின் கார் கொதிக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் காத்திருக்கிறதைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது எப்படி இருக்கும் என்று நான் யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த மாட்டேன். முள்ளு நடுவில் நின்றது. வெருகலில் ஆற்றங்கரையில் திருப்பினோம். நடுவில் நின்றது. கிண்ணியாச் சந்தியில் மாடுகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையில் ஊர்ந்தபோது ஒரு மயிரளவு எழும்பியது. ரேடியேட்டர் விசிறி கிறீச்சிட்டுச் சுழன்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முள்ளு திரும்ப இறங்கியது. அப்பா சாய்ந்துகொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “இண்டைக்கு வெயில் குறைவு.”

நெற்றியால் ஒழுகிய வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானா லொறியோடு வந்தார். அப்பா வீட்டுக்குள்ளே போய்விட்டார். சொல்ல வேண்டியதை என்னிடம் விட்டுவிட்டார். நானே படலைக்குப் போய் நின்றேன்.

“கார் விக்கிறேல்ல, நானா. ஓடுது.”

“ஓடுதா? கார் செத்துப்போச்செண்டல்லவா உங்கட வாப்பா சொன்னார்?”

“அவருக்கு அவசரம்.”

நானா கோபிக்கவில்லை. போனெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். புது ஹோஸ்களை விரலால் அமத்திப் பார்த்தார். “ஆர் பூட்டின?” என்று கேட்டார். நான் என்றேன். நகங்களைப் பார்த்தார், அவை இன்னும் மஞ்சள். “பொய்யில்லை” என்றார். பிறகு எஞ்சினைப் போடச் சொல்லி, விசிறி சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, முகத்தைச் சுளித்தார்.

“இந்த விசிறி கனநாள் நிக்காது, மகள். இதே சாதிக் கார் ஒண்டு என்ட வளவில கிடக்கு. பின்னால இடிபட்டது, முன்பக்கம் நல்லம். உடைக்கக் கொண்டுவந்தது.”

குசினி யன்னலுக்குப் பின்னால் அப்பாவின் நிழல் அசையாமல் நின்றது. எங்கள் கதை முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கும். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

“உடைக்க வேண்டாம், நானா. இந்த லொறியிலேயே ஏத்திக்கொண்டு வாங்கோ” என்றேன்.

அது ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. பின்பக்கம் நெளிந்து, கண்ணாடி இல்லாமல், என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்றைத் துலைக்கச் சொன்னால் இரண்டாகி நிற்கிறதென்று அம்மா வேலிக்கு மேலால் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறா. அதன் விசிறியைக் கழற்றி என் காருக்குப் பூட்டிவிட்டேன். சத்தமில்லாமல் சுழல்கிறது.