ரஹ்மத் அக்கா ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாள்

பேட்டரி கடை ரஹ்மத் அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

அவர் மகன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போனது தெரியவில்லை.

தாராபுரம் ரோட்டில் எங்கள் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரேதான் அக்காவின் கடை. லாரி பேட்டரி, ஆட்டோ பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் மூடி திறந்து வரிசையாகச் சார்ஜில் கிடக்கும். பஸ் லேட்டானால் நான் அங்கேதான் போய் நிற்பேன்.

உள்ளே எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். சோடாவை ஊற்றிவிட்டு யாரோ குடிக்க மறந்துபோன மாதிரி.

"அது என்னங்க்கா சத்தம்?"

"பேட்டரி கேஸ் விடுது கண்ணு. வயிறு நெறையப் போகுதுன்னா இப்படித்தான் குமிழ் விடும். இனி கரண்டைக் கொறைச்சுக் குடுக்கோணும்."

ஒருமுறை எங்கள் கம்பெனி டி-ஷர்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல காட்டன், எக்ஸ்போர்ட் பீஸ். அடுத்த வாரம் அதைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆசிட் பட்டு சல்லடையாகியிருந்தது. "காட்டன் ஆசிட்டுக்குத் தாங்காது கண்ணு. எனக்கு பாலியஸ்டர்தான்."

ஊரே காட்டனில் பிழைக்கிறது... அக்கா மட்டும் வெயில் காலத்திலும் பாலியஸ்டர் சட்டைதான், சேலைக்கு மேல்.

அப்புறம் அந்த நாள்.

அப்பாவுக்கு நுரையீரல் பலவீனமாகி வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்திருந்தோம். அன்று மாதாந்திர பவர் கட். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. ஆக்ஸிஜன் சிலிண்டர்காரர் சாயங்காலம்தான் வர முடியும் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மிஷின் ஓடுதா?"

"ஓடுதுங்க்கா, ஆனா..."

"ஃபேனு லைட்டு எல்லாத்தையும் நிறுத்து. வந்தர்றேன்."

லோடு ஆட்டோவில் இரண்டு பெரிய பேட்டரிகளோடு வந்து இறங்கினார். ரூமை ஒருமுறை பார்த்தார். "பேட்டரியும் ஆக்ஸிஜனும் ஒரே ரூம்ல வேண்டாம். கிளிப் மாட்டறப்ப பொறி வரும்." இன்வெர்ட்டரை மெல்ல நகர்த்தி, வயரை நீட்டி, எல்லாவற்றையும் வெளியே வராண்டாவுக்குக் கொண்டுவந்தார், ஜன்னலுக்குக் கீழே.

பழைய பேட்டரியைக் கழற்றினால் மிஷின் நின்றுவிடுமே என்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பழசைக் கழட்டாம புதுசைப் பக்கத்துல சேர்த்தறேன். நிக்காது, பயப்படாதே," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

நிற்கவில்லை. இன்வெர்ட்டர் கத்துவது மட்டும் நின்றது.

அன்றைக்கு முழுக்க அக்கா அந்த ஜன்னலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மிஷினின் தண்ணீர் பாட்டிலில் குமிழ்கள். அப்பா தூங்குவதும் விழிப்பதுமாக... திரைச்சீலை ஆடும்போதெல்லாம் வெயில் உள்ளே வந்து வந்து போனது.

"என்னம்மிணி ஆச்சு எங்க பேட்டரிக்கு?" என்றார் அப்பா.

"சல்ஃபேஷனுங்ணா. பிளேட்டெல்லாம் வெள்ளையாப் பூத்துருச்சுங்க."

"பூத்துருச்சா..."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சார்ஜ் முழுக்க ஏறிட்டா அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"அப்படியே வெச்சிருக்கறதுக்குத் துளித்துளியா கரண்ட் விடுவோமுங்ணா. அதுக்குப் பேரு ஃப்ளோட்டு."

"மெதக்கறதா?"

"ஆமாங்ணா. மெதக்கறதுதான்."

"நல்லா இருக்குது அம்மிணி," என்றவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் கதவில் சாய்ந்தபடி எங்கேயோ போய்விட்டேன். அந்த மத்தியானத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத மாதிரி இருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. "நோன்பு கண்ணு. நீ போய்ச் சாப்புடு."

அந்த வெயிலில், அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு... ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல்.

கரண்ட் வந்தது. கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். நல்ல பேட்டரி ஒன்றை எங்களுக்கே விட்டுவிட்டு, அது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தபடி அங்கேயே இருந்தார். நோன்பு திறக்க வீட்டில் பேரீச்சம்பழம் இல்லை. வாழைப்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன்.

அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தார். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அக்கா குடித்தார். அப்புறம்தான் அப்பா குடித்தார்.

இன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மூக்கில் டியூபைச் சரி செய்துகொண்டார்.

"நான் இருக்கறேன்... அது போயிருச்சா?" என்றார். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு முன்னால் போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். கையில் ஆசிட் பட்ட பழைய தழும்புகள் தெரியவில்லை, வெள்ளைத் துணியில் மூடியிருந்தார்கள்.

கபர்ஸ்தானில் வேப்பமரம் நிறைய இருக்கிறதாம், உங்கள் மகன் சொன்னான். வெயில் தெரியாதுங்க்கா.

தூங்குங்க.