அழிக்கச் சொன்ன படங்கள்

கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக ஸ்டோர் பார்ப்பவர் ஜெயந்திரன். தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் வாய் மூடாது. அவர் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். சுதர்சினி பல் டாக்டர். பங்சாரில் சொந்த கிளினிக். யாராவது கன்னத்தைப் பிடித்தால் போதும், அவள் கார்டு இவர் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்துவிடும்.

ஆனால் மோரிப் கடற்கரை அவருடையது. ஆறு வருடமாக ஞாயிறுதோறும் பந்திங் வழியாக மோட்டார் சைக்கிளில் போய், மணலில் இரை பொறுக்கும் உள்ளான்களைப் படம் பிடிக்கிறார். நீர் ஏற ஏற அந்தக் குட்டிப் பறவைகள் கரையோரம் ஒதுங்கும். அந்த நேரத்தை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வார். கேமராவில் ஒரு துகள் மணல் படக்கூடாதென்று பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அதன்மேல்தான் முட்டி போடுவார்.

இந்த ஞாயிறு சுதர்சினியும் வந்தாள், புதுக் கேமராவோடு. லென்ஸ் மட்டும் அவர் முழங்கை நீளம்.

"அண்ணா, எங்க நிக்கணும்?"

"எங்கயாச்சும் நில்லு. சத்தம் போடாத."

சத்தம் போட்டது அவருடைய விரிப்புதான். முட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார், சரசரவென்றது. உள்ளான்கள் மொத்தமாக எழும்பிப் போய் சுதர்சினிக்கு முன்னால் இறங்கின. அவளோ ஈர மணலில் குப்புறக் கிடந்தாள், வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. ஓர் உள்ளான் அலை விலகிய இடத்தைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டே அவளிடமிருந்து ஆறடி தூரத்துக்கு ஓடி வந்தது. ஆறு வருடத்தில் அவரிடம் ஒன்றுகூட அப்படி வந்ததில்லை. ஜெயந்திரனுக்கு வயிறு எரிந்தது.

பிறகு கடற்கரை டீக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது, படத்தில் பறவையின் தலையை மட்டும் வெட்டியெடுத்துப் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். பாராட்டு கொட்டியது. குழுவை நடத்தும் காதர் எழுதினார்: "ஜெயா அண்ணே, தங்கச்சிகிட்ட டியூஷன் போங்க லா!"

இவர் படத்துக்கெல்லாம் காதர் ஒரு கட்டைவிரல் போடுவார், அவ்வளவுதான்.

"அண்ணா, கேமரா கார்டு ஃபுல். மத்த படமெல்லாம் அழிச்சிடுங்களேன், என் சட்டை பூரா சேறு, கழுவிட்டு வரேன்" என்று கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

அவர் அழித்தார். ஒவ்வொன்றாக, ருசித்து அழித்தார். பன்னிரண்டாவது படத்தில் விரல் நின்றது. உள்ளானின் வலது காலில் வண்ணப் பட்டை. அதில் இரண்டு எழுத்து, ஓர் எண். மூன்றும் தெளிவாக.

ஏதோ ஒரு நாட்டில் ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்து, பட்டை கட்டிப் பறக்கவிட்ட பறவை. அதைப் படித்துச் சொன்னால் அது வந்த வழி தெரியும். குழுவில் காதர் ஒருவர்தான் இதுவரை அப்படி ஒன்றைக் கண்டவர். எத்தனை ஆயிரம் கால்களை இவர் உற்றுப் பார்த்திருப்பார்! இவளோ அந்தக் காலையே வெட்டிப் போட்டுவிட்டாள்.

ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அழிக்கச் சொன்னதே அவள்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் பொத்தான்மேலேயே இருந்தது. ஆனால் நம்பர் போட்ட சாமானைப் பதியாமல் தூக்கிப் போட்டு, ஸ்டோர் பார்க்கும் அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

"முடிஞ்சிச்சா?" என்று வந்தாள் சுதர்சினி.

"காலைப் பாரு." எரிச்சலோடே விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப உங்க பேர்ல போடுங்கண்ணா. கண்டுபிடிச்சது நீங்கதானே."

அதுதான் இன்னும் எரிந்தது. "எடுத்தது யாரு? எனக்குப் பிச்சை போடாத."

இடம், நேரம், நீர்மட்டம், பட்டையின் எழுத்துகள் எல்லாம் தட்டினார். கடைசியில், 'படம்: டாக்டர் சுதர்சினி'. மூன்று தடவை சரிபார்த்துக் குழுவுக்கு அனுப்பினார். அடுத்த நிமிடமே காதர்: "ஃபர்ஸ்ட் டேவே ஜாக்பாட்டா!"

ஜெயந்திரன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அடுத்த ஞாயிறும் வரட்டாண்ணா?"

"வேணாம். நீ பல்லைப் பாரு."

சுதர்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.